பொயிலருக்குள் இறங்குமுன்

(கல்முனையில் நடந்த தொழிலாளர் குடும்ப ஒன்றுகூடலில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கரும்புத் தோட்டங்களில் இருந்து வந்திருக்கும் சகோதரர்களே, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் அரிசி ஆலைகளில் வேலை செய்யும் தம்பிமாரே, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் தாய்மாரே,

சம்பளம், ஊழியர் சேமலாப நிதி என்று வழக்கமாகப் பேசுவதை இன்றைக்கு ஒரு பக்கம் வைத்துவிட்டு பொயிலரைப் பற்றிப் பேசப்போகிறோம். பொயிலர் ஓடும்போது எடுக்க வேண்டிய கவனத்தைப் பற்றி அல்ல, அது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். பொயிலரை நிறுத்தி, திறந்து, திருத்தும் நாட்களைப் பற்றித்தான் பேச்சு. அரைவைக் காலம் முடிந்தால் கரும்பு ஆலையில் திருத்த வேலை தொடங்கும். நெல் வரத்துக் குறைந்தால் அவியல் நெல் ஆலைகளிலும் அதே கதைதான். அந்த நாட்களில் தோட்டத்தில் வேலை இல்லை. வெட்டு இல்லாத கையும் ஏற்று இல்லாத தோளும் நாட்சம்பளத்துக்கு ஆலைக்குள் போகின்றன. கொந்தராத்துக்காரர் நாலு பேர் வேண்டும் என்றால் நாலு வீட்டில் இருந்து நாலு பிள்ளைகள் போகிறார்கள். பொயிலரை வாழ்நாளில் பார்க்காதவன் அதன் வயிற்றுக்குள் இறங்குகிறான். தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குப் பொயிலரில் என்ன வேலை என்று கேட்போருக்கு இதுதான் பதில்.

நின்றுபோன பொயிலர் செத்த மாடு மாதிரி, ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

2020ஆம் ஆண்டு தமிழ்நாட்டில், கடலூர் மாவட்டம் நெய்வேலியில், பழுப்பு நிலக்கரியில் ஓடும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் இரண்டு மாதத்துக்குள் இரண்டு விபத்து. மே 7ஆம் திகதி 6ஆம் அலகின் பொயிலரில், ஜூலை 1ஆம் திகதி 5ஆம் அலகின் பொயிலரில். ஒவ்வொரு அலகும் 210 மெகாவோட். ஜூலை விபத்தில் மட்டும் ஆறு பேர் அந்த இடத்திலேயே முடிந்தார்கள், பிறகு ஆஸ்பத்திரியில் இன்னும் பலர். அந்த ஆறு பேரும் கொந்தராத்துத் தொழிலாளர்கள். அந்த நேரத்தில் அந்தப் பொயிலர் மின்சாரம் உற்பத்தி செய்துகொண்டிருக்கவில்லை. நிறுத்தப்பட்டிருந்ததை மறுபடி ஓட்டுவதற்கான வேலை நடந்துகொண்டிருந்தது. அதாவது நாங்கள் “சும்மா நிற்கிறது” என்று சொல்கிற நிலை.

அதற்கு முன் 2017 நவம்பர் 1ஆம் திகதி, உத்தரப் பிரதேசத்தில் ரேபரேலி மாவட்டத்து உஞ்சஹார் அனல்மின் நிலையத்தில் நடந்தது இன்னும் பெரியது. 500 மெகாவோட் அலகு. அடுப்பின் அடியில் சாம்பல் கட்டிகட்டியாக இறுகி, இறங்க மறுத்தது. பொயிலரை முழுக்க நிறுத்தி ஆறவிட்டுத் துப்புரவாக்க வேண்டிய வேலை அது. ஓட்டத்தைக் குறைத்து வைத்துக்கொண்டே ஆட்களை விட்டு இடித்து இறக்கப் பார்த்தார்கள். உள்ளே அமுக்கம் ஏறி, தீயும் சாம்பலும் வாயு மூலமாக வெளியே பாய்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். கரும்புச் சக்கையும் உமியும் எரிக்கிற எங்கள் பொயிலர்கள் அவற்றின் பக்கத்தில் கோழிக்குஞ்சு. ஆனால் சாம்பல் இறுகுவது இங்கும் உண்டு. “நிறுத்த வேண்டாம், அலவாங்கால் குத்தி விடு” என்ற சொல்லும் இங்கு உண்டு.

இப்போது பொயிலர் என்ன செய்கிறது என்று கொஞ்சம் விளங்கிக்கொள்வோம். சட்டியில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். பொயிலருக்குள் 10 பார் அமுக்கம் இருந்தால் 180 பாகைக்கு மேல் போனாலும் அது தண்ணீராகவே அடங்கி இருக்கும். அந்த அமுக்கத்தைச் சட்டென்று எடுத்தால், அந்தத் தண்ணீரில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு அந்த நொடியிலேயே ஆவியாகும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியானால் ஒன்றரைக் கன மீற்றருக்கும் கூடுதலான இடம் வேண்டும். ஒரு தொன் தண்ணீர் இருக்கும் சின்னப் பொயிலர் வெடித்தால் வெளியேறும் ஆவி, பத்து மீற்றர் நீளம், எட்டு மீற்றர் அகலம், மூன்று மீற்றர் உயரமுள்ள ஒரு மண்டபத்தை நிரப்பி மிஞ்சும். கண் சிமிட்டும் நேரத்தில். சுவர் போவதும் கூரை போவதும் அதனால்தான்.

சரி, நிறுத்தியாகிவிட்டது, முள் பூச்சியத்துக்கு வந்துவிட்டது, மூடியைத் திறக்கலாமா? இங்கேதான் எல்லோரும் நின்று கேட்க வேண்டும். ஒரு பார் என்றால் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஒரு கிலோ அளவு விசை. ஆள் நுழையும் வாய் நீள்வட்டமாக, 40 சென்ரிமீற்றருக்கு 30 சென்ரிமீற்றர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பார் மிச்சம் இருந்தால் அந்த மூடியில் ஏறத்தாழ ஒரு தொன் விசை. அரைப் பார் இருந்தால் அரைத் தொன், ஐந்நூறு கிலோ. பத்துப் பதினாறு பார் வரை காட்டும் பெரிய மானியில் அந்த அரைப் பாரை முள் சரியாகக் காட்டும் என்று நம்பிக் கையை வைக்கக் கூடாது. பழைய மானியின் முள் பூச்சியத்தில் ஒட்டிக்கொண்டும் நிற்கும். மூடி வெளியில் இருந்து போல்ட் போட்டதாக இருந்தால் பறக்கும். உள்ளே இருந்து பொருந்தும் மூடியாக இருந்தால் விளிம்பால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆகவே முள்ளை நம்ப வேண்டாம். பொயிலரின் உச்சியில் உள்ள காற்றுக் குழாயைத் திறந்து, அதில் மூச்சுக்கூட வரவில்லை என்று கண்ட பிறகுதான் சாவியை எடுக்க வேண்டும். அதைத் திறந்தே வைக்க வேண்டும். ஏனென்றால் உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து தண்ணீராகும்போது வெற்றிடம் உண்டாகி, மூடியை உள்ளுக்கு இழுக்கும், பிடித்திருக்கும் கையையும் சேர்த்து.

ஆறவிடும் நேரத்தில் அவசரப்படுவதுதான் எங்கள் ஆட்களின் பெரிய நோய். அவசரம் எங்களுடையது அல்ல, நாட்கணக்குப் பார்க்கிறவருடையது. பச்சைத் தண்ணீரை அடித்துக் குளிரவைத்தால் குழாய்களின் மூட்டுக்கள் தளரும். அடுத்த வருடம் கசிவு வரும், திருத்த வேலை இன்னொன்று வரும். அடுப்புச் செங்கல் சூடாக இருக்கும்போது தண்ணீரை முழுக்க இறக்கினால் உள்ளே உள்ள சேறு குழாயில் சுட்ட ஓடு போலப் பிடித்துக்கொள்ளும்.

சாம்பல் இன்னொரு விடயம். உமிச் சாம்பல் மேலே கறுத்து, குளிர்ந்து கிடக்கும். அடியில் நாட்கணக்கில் நெருப்பு இருக்கும். வீட்டில் உமி அடுப்பு வைத்திருந்த உம்மாமாருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அதில் முழங்கால் வரை இறங்கினவனின் காலைப் பிறகு பார்க்க முடியாது. அதை அணைக்கிறேன் என்று வாளியால் தண்ணீர் ஊற்றினால், தண்ணீர் அடியில் போய் ஆவியாகி, சூட்டுச் சாம்பலோடு மேலே வெடிக்கும். நீண்ட பிடி வைத்த சுரண்டியால் வெளியில் நின்று கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பரப்பி, ஆறவிட்டு எடுப்பதுதான் முறை. மேலே சுவரில் ஒட்டியிருக்கும் சாம்பல் கட்டியையும் பார்க்க வேண்டும். கீழே ஆள் நிற்கும்போது அது விழும். முதலில் வாசலில் நின்று நீண்ட கம்பியால் அதை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தத் தூசு நெஞ்சுக்கும் கேடு. உமிச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. வருடக் கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் இறுகும். முகத்தில் சாரத்தைச் சுற்றிக்கொள்வது காவல் ஆகாது. பழைய பொயிலரின் மேல் சுற்றியிருக்கும் வெள்ளைப் பூச்சில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அது என்ன என்று சோதித்துப் பார்க்காமல் அதை உரிக்கச் சொன்னால் உரிக்க வேண்டாம்.

இனிப் பூட்டு. இதை நாங்கள் எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் போதாது.

ஒரு ஆலையில் இரண்டு பொயிலர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒரே ஆவிக் குழாயில் சேரும். ஒன்று ஓடும், மற்றதற்குள் ஆள் இருப்பான். இடையில் நிற்பது ஒரு வால்வு மட்டும். அந்த வால்வை யாராவது திருப்பினால், அல்லது அது தேய்ந்து கசிந்தால், உள்ளே இருப்பவன் நெல்லோடு நெல்லாக அவிவான். எங்கள் நாட்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், இதற்கு இடம் வைத்திருக்கிறது. ஒரே குழாயில் சேர்ந்த பொயிலர்களில் ஒன்றுக்குள் ஆள் இறங்க வேண்டுமானால், ஆவியோ சுடுநீரோ வரக்கூடிய எல்லா வழிகளும் கழற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது வால்வுகள் மூடிப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். “மூடியிருக்கிறது தம்பி, இறங்கு” என்ற வாய்ச்சொல்லுக்குச் சட்டத்தில் இடம் இல்லை. எங்கள் அபிப்பிராயத்தில் பூட்டு மட்டும் போதாது. குழாயின் இணைப்பைக் கழற்றி, நடுவில் ஓட்டையில்லாத கனத் தகடு ஒன்றை வைத்துப் போல்ட் முறுக்க வேண்டும். வால்வு கசியும், தகடு கசியாது.

ஆவி மட்டும் அல்ல. தண்ணீர் ஊட்டும் பம்பி, காற்றாடி, உமியோ சக்கையோ தள்ளும் திருகு, எல்லாவற்றுக்கும் மின்சாரத்தை நிறுத்திப் பூட்ட வேண்டும். பூட்டின் சாவி யார் கையில்? உள்ளே இறங்குகிறவன் கையில். மேற்பார்வையாளர் கையில் அல்ல, கொந்தராத்துக்காரர் சட்டைப் பையிலும் அல்ல. மூன்று பேர் இறங்கினால் மூன்று பூட்டு. மூன்றாவது ஆள் வெளியே வந்து தன் பூட்டைக் கழற்றும் வரை அந்தச் சுவிட்சை யாராலும் போட முடியாது. இது பெரிய விஞ்ஞானம் அல்ல. வீட்டுக் கதவுக்குப் போடுகிற பூட்டுத்தான்.

உள்ளே காற்று இருக்கிறதா என்பது அடுத்தது. பொயிலர் மாதக் கணக்கில் ஈரத்தோடு மூடிக் கிடந்தால் இரும்பு துருப்பிடிக்கும். துரு என்பது இரும்பு ஒட்சிசனைத் தின்பது. மூடிய பாத்திரத்தில் அது தின்னத் தின்ன, சுவாசிக்க ஒன்றும் மிஞ்சாது. காற்றில் வழக்கமாக ஒட்சிசன் 20.9 வீதம். 19.5 வீதத்துக்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. இதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. இறங்கினவன் தலை சுற்றி உட்காருவான், பிறகு எழும்ப மாட்டான். தீப்பக்கத்தில் புகையும் சாம்பல் இருந்தால் காபனோரொட்சைட்டும் இருக்கும், அதற்கும் மணம் இல்லை. மெழுகுதிரி கொளுத்தி இறக்கிப் பார்ப்பது பழைய பழக்கம். அது காபனோரொட்சைட்டைக் காட்டாது, தீப்பற்றும் வாயு இருந்தால் பற்றவும் வைக்கும். அளக்கிற கருவி இருக்கிறது, கையில் அடங்கும் அளவு. அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மேலும் கீழும் உள்ள எல்லா வாய்களையும் திறந்து, காற்றாடி வைத்து ஊதி, பிறகு அளந்து, வேலை நடக்கும்போதும் இடைக்கிடை அளக்க வேண்டும்.

வெளியே ஒரு ஆள் நிற்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. தேநீர் வாங்க அனுப்பவும் கூடாது. உள்ளே இருப்பவரின் இடுப்பில் கயிறு, மறுமுனை வெளியே. ஏதும் நடந்தால் வெளியே நிற்பவர் குரல் கொடுக்க வேண்டும், கயிற்றை இழுக்க வேண்டும். தானும் பாயக் கூடாது. இதைச் சொன்னால், கூடப் பிறந்தவன் உள்ளே கிடக்கும்போது எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். 2018 ஏப்ரலில் ஹொரணை, பெல்லப்பிட்டியில் ஒரு இறப்பர்த் தொழிற்சாலைத் தாங்கியில் ஒருவர் விழுந்தார். உள்ளே அமோனியா. காப்பாற்றப் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். தொழிற்சாலைக்கு வெளியில் இருந்து உதவிக்கு ஓடி வந்த அயலவர்களும் அதில் உண்டு. ஐந்து ஜனாஸா, ஐந்து மரணவீடு. முதல் ஆளையும் அது காப்பாற்றவில்லை. அந்தக் கயிறு ஒன்று முதலே கட்டப்பட்டிருந்தால் என்று நினைத்துப் பாருங்கள்.

உள்ளே வெளிச்சத்துக்குக் கொண்டுபோகும் விளக்கைப் பற்றியும் ஒரு சொல். பொயிலர் முழுக்க இரும்பு, எங்கள் ஆள் வியர்வையில் நனைந்திருப்பார். 230 வோல்ட் வயரில் ஒரு வெட்டு இருந்தால் போதும். 24 வோல்ட் விளக்கு, அல்லது பற்றரி விளக்கு. மின்மாற்றியும் வெல்டிங் இயந்திரமும் வெளியே இருக்க வேண்டும்.

திருத்த வேலையின் தரத்துக்கு வருவோம், ஏனென்றால் செத்துப்போவது எப்போதும் திருத்துகிறவர் மட்டும் அல்ல. அமெரிக்காவில் 1865 ஏப்ரல் 27ஆம் திகதி, மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா என்ற நீராவிப் படகு வெடித்தது. போர் முடிந்து வீடு திரும்பிய படையாட்கள், ஏற்றக்கூடிய அளவைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் ஏற்றப்பட்டிருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சில நாட்களுக்கு முன் அதன் பொயிலரில் கசிவு கண்டது. தகடுகளை மாற்ற வேண்டும் என்றார் வேலைக்காரர். நாள் போய்விடும், ஆட்களை வேறு படகு ஏற்றிவிடும் என்று ஒரு ஒட்டுத் தகட்டோடு அனுப்பச் சொன்னார்கள். அந்த ஒட்டு, பழைய தகட்டை விட மெல்லியது. வெடிப்புக்கு அது மட்டும்தான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் “இப்போதைக்கு ஒரு ஒட்டுப் போடு” என்ற சொல்லை நாங்கள் இந்தக் கரையோரத்திலும் கேட்டிருக்கிறோம்.

வெடிப்பு விழுந்த இடத்தின் மேலே வெல்டிங்கை ஓட்டிவிட்டால் வெடிப்பு மறையும், போகாது. நல்ல இரும்பு வரும்வரை அரைத்து எடுத்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். ஒட்டுத் தகடு போடுவதானால் அதே தரம், அதே கனம், மூலைகள் வளைவாக. கேற்றும் ஜன்னல் கிறில்லும் செய்கிற வெல்டர் தம்பி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், அமுக்கம் தாங்கும் பாத்திரத்தில் வெல்டிங் செய்யப் பரீட்சை எழுதித் தேறினவர்தான் கை வைக்க வேண்டும். முடிந்த பிறகு தண்ணீர் நிரப்பி, அமுக்கி, சோதிக்க வேண்டும். காற்றை நிரப்பி அல்ல. தண்ணீர் அமுங்காது, அதனால் ஒட்டு பிரிந்தால் பீச்சிவிட்டு நின்றுவிடும். அமுக்கிய காற்று குண்டு போல வெடிக்கும். பெரிய திருத்தம் செய்த பொயிலரை அதிகாரமளிக்கப்பட்ட பரிசோதகர் பார்த்துச் சான்று தராமல் ஓட்டக் கூடாது என்பது அதே கட்டளைச் சட்டத்தின் நோக்கம். காப்பு வால்வு, ஆவி அடைக்கும் வால்வு, அமுக்கமானி, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடி இவையெல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. காப்பு வால்வு அடிக்கடி சீறுகிறது என்று அதன் கையில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிடுவதைக் கண்ணால் கண்டிருக்கிறோம். எந்த இடம் என்று மேடையில் சொல்லப்போவதில்லை. அப்படிக் கட்டியிருந்தால் அந்தப் பொயிலர் வீட்டில் ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம்.

இன்னொன்று. நல்ல பொயிலரைத் திருத்தும்போது, மூலையில் கிடக்கும் பழையதை மூட்டுவார்கள். 1905 மார்ச் 20ஆம் திகதி அமெரிக்காவின் புரொக்டன் நகரில் ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையில் அப்படித்தான் நடந்தது. பழைய பொயிலர் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது, கட்டடம் விழுந்து தீப்பிடித்தது, 58 பேர் மாண்டார்கள். அங்கே பொயிலர்களுக்கு ஒழுங்கான சட்டவிதி பிறந்தது அதற்குப் பிறகுதான். திருத்த நாட்களில் பழைய பொயிலர் புகை விட்டால், அது எப்போது கடைசியாகச் சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள்.

கேட்டால் வேலை போகும் என்பது எங்களுக்குத் தெரியாதது அல்ல. தனியாகக் கேட்டால் போகும். ஆகவே தனியாகக் கேட்க வேண்டாம். எந்த ஆலையில் எந்தக் கிழமை திருத்த வேலை தொடங்குகிறது என்று தெரிந்த உடனே கிளைக்குச் சொல்லுங்கள். நாங்கள் முன்கூட்டியே எழுத்தில் கேட்போம். யார் பொறுப்பு, பூட்டு உண்டா, காற்று அளக்கும் கருவி உண்டா, வெளியே நிற்பவர் யார், பரிசோதகர் எப்போது வருகிறார். பதில் வராவிட்டால் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுதுவோம். கொந்தராத்துக்காரரின் ஆள், ஆலையின் ஆள் அல்ல என்று சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். ஆலைக்குள் நடக்கிற வேலைக்கு ஆலைக்காரரும் பொறுப்பு என்பதே எங்கள் நிலைப்பாடு.

தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் இருந்து பொயிலர் வேலைக்குப் போகிறவரின் பெயர், யார் கூட்டிப் போனார், எத்தனை மணிக்கு, எந்த ஆலை, நாட்சம்பளம் எவ்வளவு, இதைப் பிள்ளையின் கொப்பியில் எழுதி வையுங்கள். விபத்து என்று வந்தால், “இவர் எங்களிடம் வேலை செய்யவே இல்லை” என்பதுதான் முதல் பதிலாக வருகிறது. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இல் இருந்தே இருக்கிறது. ஆனால் வேலை செய்தார் என்று காட்ட ஏதாவது கையில் வேண்டும். சின்னக் காயம் என்று வீட்டில் மஞ்சள் பூசிப் படுக்கவைக்காமல் அரச ஆஸ்பத்திரியில் காட்டி, வேலைத்தளத்தில் நடந்தது என்று அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

பூட்டு வாங்கிக் கொடுக்கும்படி ஆலைகளைக் கேட்கப்போகிறோம். ஒரு ஆளுக்கு ஒன்று, ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. மறுத்தால் கிளை நிதியில் இருந்து வாங்குவோம், அந்தப் பில்லை ஆலைக்கே அனுப்புவோம். இந்த முறை பொயிலர் வேலைக்குப் போக இருப்பவர்கள் கூட்டம் கலைய முன் வாசலில் உள்ள மேசையில் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள், எத்தனை பூட்டு வேண்டும் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.